காருக்கும் ரோடு பைக் சைக்கிளுக்கும் டயர் மாற்ற ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். டயர் ஆலை இருக்கும் திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு டயருக்கு ஆலோசனை கேட்பது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

என் ஸ்விஃப்ட் காரில் உள்ள 165/80 ஆர்14 டயர்களின் பக்கச்சுவரில் 2319 என்ற எண் உள்ளது. அதாவது அவை 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானவை. தரையைத் தொடும் பட்டன்கள் 1.6 மி.மீ. என்னும் தேய்மான எல்லையை இன்னும் தொடவில்லை என்றாலும், ரப்பர் இறுகி மயிரிழை வெடிப்புகள் தெரிவதால், ஐப்பசி மழைக்கு முன்பே நான்கையும் மாற்றிவிட எண்ணியுள்ளேன். கடைக்காரர் சற்று அகலமான 185/70 ஆர்14 போடச் சொல்கிறார். விட்டம் ஏறத்தாழ ஒன்றேதான், ஆனால் ஸ்டீயரிங் கனத்து மைலேஜ் குறையுமோ என்று தயங்குகிறேன். கண்டெய்னர் லாரிகள் நெருக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டும் எனக்கு, ஈரத்தில் பிரேக் பிடிப்பதே முதன்மை. அளவை மாற்றியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல இயலுமா?

ரோடு பைக்கில் இப்போது 25 மி.மீ. அகலமுள்ள 700×25சி டயர்கள் உள்ளன. சாலையோரக் கண்ணாடிச் சில்லுகளாலும் கம்பித் துண்டுகளாலும் அடிக்கடி பஞ்சராவதால், பஞ்சர் தடுப்புப் பட்டை கொண்ட, சற்று அகலமான 28சி வாங்கலாமா? ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் அதற்கு இடமிருக்கிறது. 28சி போட்டால் காற்றழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதையும், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் நம்பகமான கடை எதுவென்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.