எங்கள் பக்கத்துப் படக்காரரைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

குடவாசல், வலங்கைமான், நாச்சியார்கோயில் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எண்பதுகளில் இரண்டு படம் தயாரித்து, அப்புறம் சீரியலுக்குப் போய், கடைசியில் ஊருக்கே திரும்பி வயல் பார்த்துக்கொண்டிருந்த நம் படக்காரரைத் தெரியாதவர்கள் குறைவு. பெயர் வேண்டாம், குடும்பம் இங்கேதான் இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நடிகரைப் பார்த்த கதை, டைரக்டரோடு போட்டோ எடுத்த கதையெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். காசு போட்டவரைப் பார்த்த கதையை யாரும் எழுதுவதில்லை.

நானே ஆரம்பிக்கிறேன். முதல் படத்துக்கு எங்கள் தாத்தா வீட்டைத்தான் கேட்டார்கள், முற்றமும் தாழ்வாரமும் வைத்த பழைய ஓட்டு வீடு. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்த்து எங்களுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. ஆனால் ஜெனரேட்டர் வண்டி வாய்க்கால் கரையில் வரும்போது பின்சக்கரம் சறுக்கி நாற்றங்காலுக்குள் இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் நேரத்துக்கு வந்திருந்த வருஷம், எல்லாரும் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் பையைத் திறந்தபடி "எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்று கேட்ட விதத்திலேயே நாற்றங்கால்காரப் பெரியவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தகவல் போய், படக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, அழிந்த இடத்தைக் காலடியால் அளந்தார். "இது எத்தனை மா நடவுக்கு விட்ட நாத்து மாமா?" என்றார். பெரியவர் சொன்னதும், "சரி, வேற எடத்துல நாத்து வாங்கி நானே கொண்டாந்து இறக்கறேன். அதுல நடவு பிந்திப்போயி கண்டுமுதல் கொறைஞ்சா, எத்தனை கலம் கொறையுதோ அது என் கணக்கு" என்றார். மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பட்ஜெட்டில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது. அந்தப் படத்துக்காக அவர் விற்றது ஒரு வேலி நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு வேலி என்றால் இருபது மா, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. கண்டுமுதல் என்பது அறுத்து அடித்துக் கைக்கு வருகிற நெல், கலம் அதை அளக்கிற அளவு.

*

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா தியேட்டரில் ஆபரேட்டர். அந்த இரண்டாவது படத்தின் ரிலீஸ் அன்று நான் அங்கே இருந்தேன்.

அந்தக் காலத்து வியாபாரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படத்தை ஏரியா ஏரியாவாக விற்பார்கள். நம்முடையது திருச்சி-தஞ்சாவூர், சுருக்கமாக டி.டி. ஏரியா. விநியோகஸ்தர்கள் முன்பணம் கொடுப்பார்கள், மிச்சத்துக்குப் பைனான்சியர். பைனான்சியர் சும்மா கொடுக்க மாட்டார், பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுகிற லேபிலிருந்து லேப் லெட்டர் வாங்கி வைத்துக்கொள்வார். அவர் கணக்கு தீராமல் பிரிண்ட்டை வெளியே விடமாட்டோம் என்று லேப் ஒப்புக்கொள்கிற தாள் அது. நெகட்டிவ் உள்ளே பத்திரமாக இருக்கும், படம் எடுத்தவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். இப்போது பிலிம் இல்லை, படத்தைத் திறக்கிற டிஜிட்டல் சாவி வராமல் காலைக் காட்சி ரத்தாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை மேட்னிக்குத் தோரணம் கட்டி, ரேடியோ செட்டில் பாட்டுப் போட்டு, டிக்கெட்டும் கொடுத்தாகிவிட்டது. படப் பெட்டி வரவில்லை. ஜனங்கள் காசைத் திருப்பிக் கேட்டு கவுன்டர் கம்பியைப் பிடித்து ஆட்டினார்கள். முதல் ஆட்டத்துக்கும் வரவில்லை. செகண்ட் ஷோவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அம்பாசடர் வந்தது, டிக்கி மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முன்சீட்டில் படக்காரரே உட்கார்ந்திருந்தார். வந்ததும் ஒரு டப்பாவைத் தானே தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும், முழுப் படம் பதினாலு பதினைந்து ரீல் வரும், கனமான சாமான்.

படம் ஓட ஆரம்பித்ததும் கேபினிலேயே நின்றுகொண்டார். சின்ன ஜன்னல் வழியாக அவர் பார்த்தது திரையை இல்லை, கீழே இருந்த கூட்டத்தை. விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "படம் பாக்கலையாண்ணே?" என்று அப்பா கேட்டார். "படம் எனக்கு மனப்பாடம்ப்பா. ரெப் எழுதற கணக்கும் நான் எண்ணறதும் ஒண்ணா இருக்கான்னு பாக்கறேன்" என்றார். விநியோகஸ்தர் அனுப்புகிற பிரதிநிதியைத்தான் ரெப் என்பார்கள். அவர் போடுகிற டெய்லி கலெக்‌ஷன் ரிப்போர்ட்டை வைத்துத்தான் பாக்கி எல்லாமே. அந்தப் படம் இரண்டாம் வாரம் பார்க்கவில்லை.

*

எல்லாரும் நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று எழுதுகிறீர்கள். எங்கள் சித்தப்பா அந்த யூனிட்டுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்தவர். காலையில் இட்லி பொங்கலில் ஆரம்பித்து ராத்திரி வரைக்கும் அடுப்பு அணையாது, லைட்மேன்களுக்குத் தனி நேரம், நடிகைக்குத் தனி சாப்பாடு. கடைசி வாரப் பாக்கி நின்றுபோனது. ரொம்ப நாள் நடந்த பிறகு நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அனுப்பினவரைக்கும் சரி. மூட்டைக்கு விலை அவரே போட்டிருந்தார், அதுவும் அரசு கொள்முதல் நிலையத்தில் கொடுக்கிற விலையைவிடக் கூடுதலாக! சித்தப்பா இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் "மரக்கா கணக்குப் படக்காரர்" என்பார், மரக்கா என்றால் நெல் அளக்கிற மரக்கால்.

*

மேலே எழுதியவருக்கு: நம்புகிறேன், ஏனென்றால் நான் அவருடைய சீரியல் கம்பெனியில் கணக்கு எழுதியவன். வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீடு, கீழே ஷூட்டிங், மேலே ஆபீஸ்.

அவர் முதலில் தூர்தர்ஷனில்தான் ஆரம்பித்தார். பதிமூன்று வாரத் தொடர், அனுமதிக்கு அலையோ அலை என்று அலைந்திருக்கிறார். 1993 ஏப்ரல் 14 சன் டிவி வந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. அரைமணி நேரத்துக்குத் தயாரிப்பாளர் சேனலுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், ஸ்லாட் கட்டணம். பதிலுக்கு அந்த அரைமணியில் இத்தனை விநாடி விளம்பர நேரம் அவருடையது. அதைப் பத்து விநாடி பத்து விநாடியாக விற்றுத்தான் நடிகர் சம்பளம், வீட்டு வாடகை, கேமரா வாடகை எல்லாம். விற்காத விநாடி அன்றோடு போச்சு, மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது. விளம்பர ஏஜென்சி செக் கொடுக்க மாதக்கணக்கில் ஆகும், யூனிட்டுக்கோ சாயங்காலம் பேட்டா கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெப்சி என்கிற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்தில் பேச்சு வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் அந்த வீட்டம்மா நகை அடகுக் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. ரசீதுகளை நான்தான் பைல் பண்ணி வைத்திருந்தேன், "இதர வரவு" என்ற தலைப்பில்.

அவர் அடிக்கடி சொல்வது: "படம் சம்பா மாதிரி தம்பி, ஆறு மாசம் காத்திருந்தா ஒரே அறுப்பு. சீரியல் கறவ மாடு. தினம் கறக்கலாம், ஆனா தினம் தீவனம் வைக்கணும்ல." ரேட்டிங் இறங்கியதும் சேனல் தொடரை ராத்திரியிலிருந்து மத்தியானத்துக்குத் தள்ளியது. விளம்பர ரேட் பாதிக்கும் கீழே விழுந்தது, செலவில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஒரு நடிகர் சம்பளம் கூடக் கேட்டார், மறுநாளே கதையில் அவர் வண்டி லாரியில் மோதியது. இப்படியே மாலை போட்ட போட்டோக்கள் சுவரில் கூடிக்கொண்டே போய், ஒரு வெள்ளிக்கிழமை எல்லா முடிச்சையும் ஒரே அரைமணியில் அவிழ்த்துத் தொடரை முடித்தோம். கதாநாயகியின் தங்கை என்ன ஆனாள் என்று இன்னும் எங்களுக்கே தெரியாது.

என் கடைசிச் சம்பளம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, பணமாகவே வந்தது.

*

ஒரு விஷயம் சொல்லலாமா? நிலத்தை விற்று சினிமாவுக்குப் போனார், ஏமாந்தார் என்று இதையும் வழக்கமான கதையாக ஆக்காதீர்கள். நன்னிலம் பக்கம் நல்லமாங்குடியில் 1930இல் பிறந்தவர்தான் கே.பாலசந்தர். முத்துப்பேட்டைப் பள்ளியில் வாத்தியார், அப்புறம் சென்னையில் அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸ். 1981இல் கவிதாலயா என்ற படக் கம்பெனியை ஆரம்பித்தார். தான் இயக்காத படத்துக்கும் தயாரிப்பாளராக இருந்தார், 1992இல் மணிரத்னம் இயக்கிய ரோஜா அந்தக் கம்பெனிப் படம்தான். அப்புறம் மின் பிம்பங்கள் என்ற சீரியல் கம்பெனி மூலமாக டிவியிலும் நின்றார். மயிலாடுதுறைக்காரர் டி.ராஜேந்தரை எடுத்துக்கொள்ளுங்கள், கம்பெனிக்கே தஞ்சை சினி ஆர்ட்ஸ் என்று பேர். கதை, பாட்டு, இசை, இயக்கம் எல்லாம் அவரே. இவர்களிடம் சரக்கு சொந்தமாக இருந்தது. நம்மவரிடம் இருந்தது நிலமும் நாணயமும் (நெல் மூட்டை விஷயத்தைத் தவிர). கதை கேட்டு இது தேறும், இது தேறாது என்று சொல்லத் தெரியவில்லை. யார் வந்து கதை சொன்னாலும் முதலில் சாப்பிடச் சொல்வார், சாப்பிட்டவனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? எங்கள் அண்ணன் அப்படி ஒரு கதை சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர். படம் வரவில்லை, அட்வான்ஸும் திரும்பிப் போகவில்லை.

*

ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். எழுதியவர்களுக்கு நன்றி, சமையல்காரச் சித்தப்பாவுக்கும் சேர்த்து.

இதைக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய முதல் படம் இப்போது யூடியூபில் ஓடுகிறது, நடுநடுவே விளம்பரத்தோடு. வீட்டுக்கு ஒரு பைசா வருவதில்லை. தொண்ணூறுகளில் சீரியலுக்குப் பணம் முடை வந்தபோது சாட்டிலைட் உரிமையை யாருக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறார். அது டிவி ஒளிபரப்புக்கு மட்டுமா, பிற்காலத்தில் வரப்போகிற எல்லாவற்றுக்குமா என்பதுதான் இப்போது பிரச்சினை. சட்டப்படி படத்துக்கு முதல் உரிமைக்காரர் தயாரிப்பாளர்தான், பதிப்புரிமையும் வெளியான மறுவருஷத்திலிருந்து 60 வருஷம் இருக்கிறது, அதனால் காலம் கடந்துவிடவில்லை. பையனிடம் பேசினேன். ஒப்பந்தத் தாள் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் கிடைத்திருக்கிறது, கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது, கையெழுத்துத் தெரிகிறதாம். பழைய பட உரிமை வழக்கு பார்க்கிற வக்கீல் யாரையாவது தெரிந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் என்றால் நல்லது, சென்னை என்றாலும் பரவாயில்லை.