மறு: மறு: கண்டிக்காலச் சுவர்ச் சித்திரம்: ‘அகண்ட கதன’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லாருக்கும் வணக்கம்.

மாத்தளை சேர் அனுப்பிய சித்திரப் பாடத் தமிழ்ச் சொற்பட்டியலில் பாதிக்கு மேல் சண்டை வராது. சந்திரவட்டக்கல், காவற்கல், மகர தோரணம் எல்லாம் நம் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே புழங்குகிறவை. அவற்றைக் கிளறுவது வீண் வேலை. இழுபறி எல்லாம் ‘அகண்ட கதன’ ஒன்றில்தான். ஆங்கிலப் புத்தகங்களில் ‘கண்டினியுவஸ் நரேஷன்’ என்று வருமே, ஒரு கதையின் பல காட்சிகளைக் கோடு போட்டுப் பிரிக்காமல் ஒரே சுவர்ப் பட்டையில் காட்டும் முறை, அது.

> சிங்களத்தில் உள்ளதையே ‘அகண்ட கதனம்’ என்று எடுத்துக்கொள்வோமே. இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே சொல்லாக இருக்கும்.

நோக்கம் நல்லது, சேர். ஆனால் ‘அகண்ட’ என்றால் துண்டுபடாதது என்று எத்தனை பேர் எடுத்துக்கொள்வார்கள்? அகலமானது என்றுதான் படும். ‘கதனம்’ இன்னும் மோசம், அகராதியில் அதற்குப் போர் என்றும் பொருள் உண்டு. ‘அகலமான போர்’ என்று ஒரு பிள்ளை விடைத்தாளில் எழுதினால் புள்ளியை வெட்ட நமக்கு முகம் இருக்காது.

> ‘தொடர்கதை ஓவியம்’. எளிமை, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் வேறொன்றாக. தொடர்கதை என்றால் மிச்சத்துக்கு அடுத்த கிழமை வரை காத்திருக்க வேண்டும். சுவரில் முதலும் முடிவும் ஒன்றாகவே கண்முன் கிடக்கின்றன.

சொல்லைத் தேடுமுன் சுவரை ஒருதரம் பார்த்துவிடுவோம். கண்டியிலிருந்து லேவல்ல வழியாக மகாவலியைத் தாண்டினால் அமுனுகமப் பக்கம் தெகல்தொருவ குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்தது. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்ற துறவியும் கூட்டாளிகளும் தீட்டியது. முன்மண்டபச் சுவரில் வெசந்தர ஜாதகம் (புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்று) பட்டி பட்டியாக, அதாவது கிடையாக நீளும் பட்டைகளாக, ஓடுகிறது. பின்தரை முழுக்கச் சிவப்பு. கண்டிக்கால ஓவியர்கள் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் பசைக்கு விளாம்பிசினும் எடுத்தார்கள். (சாதிலிங்கம் சிங்களத்திலும் சாதிலிங்கம்தான். அந்த ஒரு பொருளுக்காவது நமக்குக் கூட்டம் கூட்டும் வேலை இல்லை.) ஆள் இல்லாத இடத்தையெல்லாம் பூ நிரப்புகிறது. பட்டியின் அடியில் ஒடுங்கிய கீற்று ஒன்றில் சிங்கள எழுத்தில் காட்சி விளக்கம்.

கதை தெரிந்ததுதான். வெள்ளை யானையைக் கலிங்கத்துப் பிராமணருக்குத் தாரை வார்க்கிற வெசந்தரர், அதற்காக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டுத் தேரில் போகிற வெசந்தரர், குதிரையையும் தேரையும் வழியிலேயே கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வெசந்தரர். இந்த முறையில் அவர்கள் எல்லாரும் ஒரே பட்டியில், ஒரே தரையில் நிற்கிறார்கள். நடுவே சட்டம் போட்டுப் பிரிப்பதில்லை. ஒரு மரம் வரும், ஒரு வாசல் வரும். சில இடத்தில் அதுவும் இருக்காது, ஓர் ஆள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் அடுத்த காட்சி தொடங்கிவிட்டது என்று பிடித்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர் கால் நகர்ந்தால்தான் கதை நகரும்.

இடம் மிச்சம் பிடிக்கச் செய்த வித்தை இல்லை இது. வெசந்தரரின் பிறவி, தான பாரமிதையின் (புத்தராவதற்கு நிறைவேற்ற வேண்டிய கொடைப் பண்பின்) உச்சம்: யானை, தேர், பிள்ளைகள், கடைசியில் மனைவி மத்ரி தேவி. ஒவ்வொரு கொடையும் முன்னதைவிடக் கனமானது. கோடு போட்டுப் பிரித்தால் அவை தனித்தனி நல்ல காரியங்களாகிவிடும். ஒரே சிவப்பில் அதே முகம் திரும்பத் திரும்ப வரும்போதுதான் பாரமிதை என்பது சேர்ந்துகொண்டே போகிற ஒன்று என்று கண்ணுக்குப் படுகிறது.

என் முன்மொழிவு: தொடர்நிலைச் சித்திரம்.

‘தொடர்நிலைச் செய்யுள்’ (பாட்டுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வது) நம்மிடம் ஏற்கெனவே உண்டு. சிலப்பதிகாரத்தை அதன் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் ‘இயலிசை நாடகப் பொருட்டொடர்நிலைச் செய்யுள்’ என்கிறார். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் செய்யுளை முத்தகம் (தனித்து முடியும் ஒற்றைப் பாட்டு), குளகம் (பல பாட்டு ஒரே வினையில் முடிவது), தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. குளகத்தை விட்டுவிடுவோம், அதற்குச் சுவரில் வேலை இல்லை. மற்ற மூன்றும் கண்டி விகாரைக்குள் அப்படியே உட்காருகின்றன. தெகல்தொருவ உட்கூரையில் பாறையை நிறைத்துக் கிடக்கிற மாரயுத்தம் (புத்தரை மாரன் எதிர்த்த போர்) ஒரே காட்சி. தனிநின்று முடிவது, ஆகவே முத்தகம், நம் பட்டியலுக்குத் தனிநிலை. பல விகாரைகளில் கட்டம் கட்டமாகத் தீட்டியிருக்கிற சொலொஸ்மஸ்தானம் (மகியங்கனை, நயினாதீவு, களனி, சிவனொளிபாதமலை என்று போகும் 16 புனித இடங்கள்) தொகைநிலை. பொருள், இடம், காலம், தொழில் ஆகியவற்றால் தொகுப்பது தொகைநிலை என்பது தண்டி. இது இடத்தால் தொகுத்தது. ஜாதகப் பட்டி தொடர்நிலை. ஒரு சொல் கேட்ட இடத்தில் மூன்று கிடைக்கின்றன.

மாத்தளை சேரின் ஆசைக்கும் இதில் இடம் இருக்கிறது. தண்டியின் வடமொழி அணிநூலைத் தழுவித் தமிழுக்குத் தண்டியலங்காரம் வந்ததுபோலச் சிங்களத்துக்குச் ‘சியபஸ்லகர’ வந்தது. வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலைச் செய்த புத்தமித்திரர் பௌத்தர். அலங்காரத்துக்கு அவரும் போன இடம் தண்டிதான். பொதுச்சொல் இல்லாவிட்டாலும் சொல் பிறக்கிற வீடு பொதுவாக இருக்கும்.

---

ஹட்டன் டீச்சர் எழுதியது:

சொல் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். அன்ன வரிசையும் கொடிக்கருக்கும் கூடத்தான் சுவரோரம் அறுபடாமல் தொடர்கின்றன. அங்கே கதை ஏது? ‘தொடர்நிலை’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் லியவெலவையும் (கொடிக்கருக்கு) இதற்குள் போட்டுவிடுவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் தெகல்தொருவவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

பதுளைத் தம்பி எழுதியது:

எனக்கு வேறொரு முடிச்சு. சத்சதிய, அதாவது ஞானம் பெற்றபின் கழித்த ஏழு வாரங்கள். ஏழிலும் அதே புத்தர், ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுதான். அப்போது அது தொடர்நிலையா, தொகைநிலையா? ‘அதே ஆள் திரும்ப வந்தால் தொடர்நிலை’ என்று வைத்தால் இது உள்ளே வந்துவிடும், அண்ணே.

---

டீச்சருக்கு: தொடர்நிலையையே தண்டி இரண்டாகப் பிரித்திருக்கிறார், பொருட்டொடர்நிலை (பொருளால் தொடர்வது), சொற்றொடர்நிலை (சொல்லால் தொடர்வது) என்று. ‘செய்யுள் அந்தாதி சொற்றொடர் நிலையே’ என்பது நூற்பா. கொடிக்கருக்கைப் பாருங்கள், ஒரு சுருளின் நுனியிலிருந்துதான் அடுத்த சுருள் கிளம்புகிறது, சரியான அந்தாதி. ஆகவே முழுப்பெயர் ‘பொருட்டொடர்நிலைச் சித்திரம்’. வகுப்பில் அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். சொற்பட்டியலில் முழுப்பெயர் இருக்கட்டும், வாயில் ‘தொடர்நிலை’ போதும். விளக்கத்தில் ‘கதை’ என்ற சொல்லைக் கட்டாயம் சேர்த்துவிடுவோம்.

தம்பிக்கு: சத்சதிய தொகைநிலைதான். வாரத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கோடு, காலத்தால் தொகுத்தது. அதே ஆள் வருவது மட்டும் போதாது, நடுவில் கோடும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் தொடர்நிலை. நீங்கள் கேட்காவிட்டால் விளக்கத்தில் இந்த இரண்டாவது பாதி விடுபட்டிருக்கும்.

‘ஓவியம்’ போடச் சொல்லித் தமிழகத்து நண்பர் ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். இங்கே பாடத்தின் பெயரே சித்திரம். பிள்ளைகளுக்கு அதுதான் கைவந்த சொல். ‘ஓவியம்’ அடைப்புக்குறிக்குள் வரலாம், அதற்குமேல் எனக்கு உடன்பாடில்லை.

பட்டியலுக்குப் போகவேண்டிய வரி:

*தொடர்நிலைச் சித்திரம் (பொருட்டொடர்நிலைச் சித்திரம், தொடர்நிலை ஓவியம்)*: ஒரு கதையின் பல காட்சிகளைக் கட்டமிட்டுப் பிரிக்காமல் ஒரே பட்டியில், அதே கதைமாந்தரைத் திரும்பத் திரும்ப வரைந்து காட்டும் முறை. சிங்களம்: அகண்ட கதன. எ.கா.: தெகல்தொருவ, வெசந்தர ஜாதகம்.

மறுப்பு இருந்தால் போயா விடுமுறைக்குள் எழுதுங்கள். அதன்பிறகு மாத்தளை சேர் பட்டியலைப் பூட்டிவிடுவார். ‘முத்திரை’யா ‘முத்ரா’வா என்ற வழக்கைத் தனி இழையில் தொடங்கியிருக்கிறேன், தயவுசெய்து இங்கே கலக்க வேண்டாம்.