சிட்னியின் மேடையும் டோக்கியோவின் நடுத்தூணும்: தொல்பண்பாடுகளுக்கு எவ்வளவு பங்கு?

(கல்மேடை, விட்டம், நடுநிலம் என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.)

கல்மேடை:
நவீனக் கட்டடக்கலை முழுவதும் ஐரோப்பாவில் பிறந்தது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. சிட்னி ஒப்பேரா மாளிகையை வடிவமைத்த டென்மார்க்கின் யோர்ன் உட்சோன், 1949இல் மெக்சிகோவுக்குச் சென்று பண்டைய கல்மேடைகளைப் பார்த்தவர். 1957இல் போட்டியில் வென்ற அவருடைய வரைபடத்தில், கூரைகளைத் தாங்கி நிற்பது அத்தகைய மேடையே.

விட்டம்:
ஓரிடத்தைப் பார்த்தார் என்பதால் அங்கிருந்துதான் எடுத்தார் என்று ஆகிவிடாது. ஏதென்சின் பண்டைய குன்றுக்கோட்டையான அக்ரோபொலிசும் உயரத்தில்தான் நிற்கிறது. அம்மாளிகையின் உண்மையான சாதனை கூரை. கூரையின் வளைந்த கூடுகள் எல்லாவற்றையும் ஒரே கோளத்தின் பகுதிகளாக அமைக்கலாம் என்ற தீர்வும், முன்வார்ப்புக் கான்கிரீட்டும், கணினிக் கணக்கீடும் 20ஆம் நூற்றாண்டுக்கு உரியவை.

கல்மேடை:
பயணத்தை மட்டும் வைத்து நான் பேசவில்லை. 1962இல் உட்சோனே மேடைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்துச் சமவெளிக் காட்டில் எப்பக்கமும் மரங்களால் மறைக்கப்பட்டு வாழ்ந்த மாயர்கள், மர உச்சிகளின் மட்டத்துக்கு மேடை எழுப்பியதால் வானத்தையும் தொலைவையும் பெற்றார்கள் என்பதே அவர் அங்கே கண்டது. சிட்னியிலும் வாகனங்கள், பணிமனைகள், உடைமாற்றும் அறைகள் ஆகியவற்றை மேடைக்குள் அடக்கிவிட்டு, பார்வையாளர்களை அகன்ற படிகளின் வழியே நகரத்தின் இரைச்சலிலிருந்து மேலே அழைத்துச் செல்கிறார். அக்ரோபொலிஸ் இயற்கையான பாறை. இதுவோ தாழ்ந்த நிலத்தில் மனிதர் எழுப்பிய தளம். கோளத் தீர்வு கிடைத்தது 1961இல்தான். மேடையோ முதல் வரைபடத்திலேயே இருந்தது.

நடுநிலம்:
உட்சோனுக்கு அவருடைய எழுத்தே சான்று. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2012இல் திறக்கப்பட்ட 634 மீட்டர் உயர டோக்கியோ ஸ்கைட்ரீ ஒளிபரப்புக் கோபுரத்தின் நடுத்தூணுக்கு, ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பழைய ஹோர்யூஜி பௌத்தக் கோயிலின் மர அடுக்குக் கோபுரத்தை முன்னோடியாகக் காட்டுகிறார்கள். ஆனால், 375 மீட்டர் உயரமுள்ள அந்தக் கான்கிரீட் தூண் 125 மீட்டர் வரை எஃகுச் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டு, அதற்கு மேல் எண்ணெய் அதிர்வுதாங்கிகளால் இணைக்கப்பட்டு, ஆட்டத்துக்கு எதிரெடையாக வேலை செய்கிறது. மரக்கோபுரங்களின் நடுத்தூண் நிலநடுக்கத்தை எவ்வளவு தணிக்கிறது என்பதிலோ ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

விட்டம்:
அதையேதான் சிட்னிக்கும் சொல்கிறேன். மாயர் மேடை கல்லும் மண்ணும் நிரப்பிய திண்மம். சிட்னியின் படிகளையோ இடையில் தூணே இல்லாமல் மடிப்புக் கான்கிரீட் விட்டங்கள் தாங்குகின்றன. தோற்றம் வந்திருக்கலாம், கட்டும் முறை வரவில்லை.

கல்மேடை:
கட்டும் முறை வந்தது என்று நான் எங்கும் சொல்லவில்லை. எதைக் கீழே மறைப்பது, மனிதரை எங்கே நிறுத்துவது என்ற முடிவைத் 'தோற்றம்' என்று ஒதுக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முடிவு எடுக்கப்பட்ட பிறகே விட்டங்களுக்குக் கணக்குப் போட வேண்டியிருந்தது.