கறுப்பின வரலாற்று மாதக் கண்காட்சிக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள்: நாங்கள் எதைச் செய்வது பொருத்தமாக இருக்கும்?

பதிந்தவர்: மணிமிடறு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்திய மாணவர் சங்கத்தின் செயற்குழுவிலும் இருக்கிறேன். வரும் பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்தை ஒட்டி மாணவர் மன்றக் கட்டடத்தில் நடைபெறவிருக்கும் கண்காட்சியில் ஒரு பகுதியைப் பொறுப்பேற்று நடத்துமாறு கறுப்பின மாணவர் சங்கத்தினர் எங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

செயற்குழுவில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. இது நம்முடைய விழா அன்று, ஒரு வாழ்த்துப் பலகையோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை என்கின்றனர் சிலர். காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் இணைத்து ஒரு பெரிய பதாகை வைத்தால் போதும் என்கின்றனர் வேறு சிலர். சென்ற ஆண்டு நாங்கள் அவசர அவசரமாக ஐந்து தலைவர்களின் படங்களை அச்சிட்டு, பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் கீழே எழுதி, இரண்டு மணி நேரம் அருகில் நின்றோம். பெரும்பாலோர் நிற்காமலே கடந்து சென்றார்கள். இங்கு நெடுங்காலத்துக்கு முன் படித்த கறுப்பின மூதாட்டி ஒருவர் மட்டும் நின்று அனைத்தையும் படித்துவிட்டு, "இந்த வளாகத்தில் முதன்முதலாகப் படித்த கறுப்பின மாணவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். அழைத்தவர்களுக்கு உண்மையாகவே பயன்படக்கூடியதாக நாங்கள் எதைச் செய்யலாம், எந்த இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஏட்டறை

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அந்த மூதாட்டி உங்களுக்கு வழியைக் காட்டிவிட்டே போயிருக்கிறார் என்று கருதுகிறேன்.

இம்மாதத்தின் தொடக்கத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இதற்கு வித்திட்ட வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் அடிமைகளாக இருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1912இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். கறுப்பினத்தவருக்கு எழுதத்தக்க வரலாறே இல்லை என்று கற்றறிந்தோரே நம்பியிருந்த காலத்தில், அவர் 1915இல் அதற்கென ஓர் ஆய்வுக் கழகத்தை நிறுவினார், மறு ஆண்டு ஆய்விதழைத் தொடங்கினார், அதன் பிறகே 1926இல் நீக்ரோ வரலாற்று வாரத்தை அறிவித்தார். லிங்கனின் பிறந்த நாளான பிப்ரவரி 12ஐயும், அடிமையாகப் பிறந்து தப்பி அடிமைமுறையை எதிர்த்துப் போராடியவரும் தம் பிறந்த நாளை அறியாதவருமான ஃபிரெடரிக் டக்ளஸ் தமக்கெனத் தேர்ந்துகொண்ட பிப்ரவரி 14ஐயும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்ததால் அந்த வாரம் அமைந்தது. முதலில் ஆவணம், பிறகு ஆய்வு, அதன் பின்னரே விழா என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். ஆண்டு முழுவதும் பயின்றதை அரங்கேற்றும் வாரமாகவே அவர் அதனைக் கருதினார். பயிற்சியே இல்லாத அரங்கேற்றமாகத்தான் பல வளாகங்களில் இன்று அது நடக்கிறது.

வாரம் மாதமாக வளர்ந்ததும் ஒரு கல்லூரி வளாகத்தில்தான். ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களும் ஆசிரியர்களும் 1969 பிப்ரவரியில் இக்கருத்தை முன்வைத்து, 1970 ஜனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை முதல் விழாவை நடத்தினார்கள். குடியரசுத் தலைவர் ஃபோர்டு இம்மாதத்தை அங்கீகரித்து அறிக்கை விடுத்தது ஆறு ஆண்டுகள் கழித்து, 1976இல்தான்.

ஆகவே உங்கள் வளாகத்தின் ஆவணங்களுக்குச் செல்லுங்கள். பழைய ஆண்டு மலர்கள், மாணவர் நாளிதழின் கட்டுகள், விடுதி ஒதுக்கீட்டுக் கோப்புகள் ஆகியவை பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டிருக்கும். 1968 முதல் 1972 வரையிலான நாளிதழ்களை முதலில் புரட்டிப் பாருங்கள். அக்காலத்தில் கறுப்பின மாணவர்கள் நிர்வாகத்திடம் கோரிக்கைப் பட்டியல் கொடுக்காத பெரிய பல்கலைக்கழகங்கள் குறைவு. அவற்றுள் எவை நிறைவேறின, எவை கிடப்பில் போடப்பட்டன என்று ஒரு பலகையில் வரிக்கு வரி காட்டினால் அதற்கு நிகரான கண்காட்சி வேறில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. புகைப்படத்தை மட்டும் பார்த்து ஒருவரின் இனத்தை முடிவு செய்யாதீர்கள். "முதல் மாணவர்" என்ற சொல்லை வேறொரு சான்றும் கிடைத்த பின்னரே எழுதுங்கள். மேலும், பழைய ஆண்டு மலர்களில் வெள்ளையின மாணவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கேலி நாடகம் நடித்த படங்கள் கண்ணில் படக்கூடும். அவற்றைக் காட்டுவதா, எப்படிக் காட்டுவது என்பதைக் கறுப்பின மாணவர் சங்கமே முடிவு செய்யட்டும்.

பதில் 2: மகிழம்பூ

ஏட்டறை ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆனால் கண்காட்சி முழுவதும் கோரிக்கையும் காயமுமாக ஆகிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். தென் மாநிலம் ஒன்றில், கறுப்பின மாணவர்களுக்கெனவே நிறுவப்பட்ட வரலாற்றுவழிக் கறுப்பினப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவியாக ஐந்து ஆண்டுகள் இருந்தேன். அங்கே இம்மாதத்துக்கென்று தனியாக யாரும் பரபரப்படைவதில்லை, ஏனெனில் கட்டடங்களின் பெயர்களிலும், கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் முழங்கும் வாத்திய அணியிலும், முன்னாள் மாணவர்கள் திரளும் இலையுதிர்கால விழாவிலும் அந்த மரபு நாள்தோறும் உடன் வருகிறது.

ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கதையை உங்கள் கண்காட்சியில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டில், விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்காக நாஷ்வில்லில் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர்கள் பாடிப் பொருளீட்டப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அடிமைத்தனத்தின் நினைவோடு பிணைந்திருந்ததால் வெளியார் முன் பாடத் தயங்கிய பக்திப் பாடல்களை அவர்கள் மேடையேற்றினார்கள். 1873இல் விக்டோரியா அரசி முன்னிலையிலும் பாடினார்கள். அந்த வருவாயில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கிறது. ஒரு கல்லூரியைக் குரலால் காப்பாற்றிய மாணவர்களைப் பற்றிப் படித்துவிட்டு யாரும் பேசாமல் கடந்து போக மாட்டார்கள்.

உங்கள் சங்கத்தாரிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள்: காலடியும் கைத்தட்டலும் முழக்கமும் ஒன்றாக எழும் ஸ்டெப்பிங் ஆட்டத்தை மேடையில் கண்டால் மகிழ்ந்து ஆரவாரம் செய்யலாம், ஆனால் அந்த அடிகளையும் கைக்குறிகளையும் கூவலையும் நாமும் செய்து காட்டக் கூடாது. அவை கறுப்பின மாணவர்களின் சகோதரத்துவச் சங்கங்களுக்கும் மாணவியரின் சகோதரியர் சங்கங்களுக்கும் உரியவை. வேறெங்கும் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், 1906இல் கார்னெலில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும் 1908இல் வாஷிங்டனிலுள்ள ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் உருவாகி வளர்த்த மரபு அது. என்னுடன் பயின்ற ஒருவர் விளையாட்டாக அதைச் செய்தபோது அரங்கில் விழுந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். 2018 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழக உணவகம் இம்மாதத்தின் பெயரால் தர்பூசணிச் சுவையூட்டிய நீரையும் அதைப் போன்ற பிறவற்றையும் பரிமாறி, பின்னர் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது. தர்பூசணியை வைத்து அம்மக்களை இழிவாகச் சித்திரித்த நீண்ட வரலாறு உண்டு என்பதை அறியாதவர்கள் உணவுப் பட்டியலைத் தொடாமல் இருப்பது நல்லது.

பதில் 3: கரிசல்காடு

காந்தி, கிங் பதாகையை நான் ஏற்கவில்லை. கானா பல்கலைக்கழக வளாகத்தில் 2016இல் நிறுவப்பட்ட காந்தி சிலை, தென்னாப்பிரிக்காவில் இளமைக் காலத்தில் அவர் கறுப்பினத்தவரைப் பற்றி எழுதியவற்றைச் சுட்டிக்காட்டி ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால், 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. உங்களை அழைத்தவர்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும். நம் தலைவரின் படத்தை அவர்களுடைய மேடையில் ஏற்றுவது விருந்துக்குப் போன வீட்டில் நம் பெருமையைப் பேசுவதாகவும் தோன்றும்.

நம்மைப் பற்றி ஒரு பலகை வைத்தே ஆக வேண்டுமானால் 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தைப் பற்றி வையுங்கள். அதற்கு முன் இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு 100 மட்டுமே. பிறந்த நாட்டை வைத்துப் பாகுபடுத்திய அந்த ஒதுக்கீட்டு முறை வீழ்ந்தது, 1964இல் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் வென்றெடுத்த அதே போராட்டம் உண்டாக்கிய சூழலில்தான். இந்நாட்டில் நமக்குத் திறந்த கதவைத் தள்ளிய கைகள் யாருடையவை என்று தெரிந்துகொண்டால், "இது நம்முடைய விழா அன்று" என்ற பேச்சு தானாகவே அடங்கிவிடும்.

மகிழம்பூ அவர்கள் சொன்னது போல மகிழ்ச்சி வேண்டும்தான். ஆயினும் மறக்கப்பட்ட சாவுகளும் இருக்கின்றன. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4 அன்று தேசியக் காவற்படையினர் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதை உலகம் அறியும். பதினோரு நாள் கழித்து, மே 15 அதிகாலையில், மிசிசிப்பியின் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் காவல்துறை மாணவியர் விடுதியை நோக்கிச் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதற்கும் முன்பு, 1968 பிப்ரவரி 8 அன்று, கறுப்பினத்தவரை அனுமதிக்காத பந்துருட்டு (பவுலிங்) விளையாட்டுக் கூடத்துக்கு எதிராக எழுந்த போராட்டத்தில், தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில் நெடுஞ்சாலைக் காவலர்கள் மூன்று இளைஞர்களைக் கொன்றார்கள். பிப்ரவரி மாதக் கண்காட்சிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பிப்ரவரியிலேயே நிகழ்ந்த ஆரஞ்ச்பர்க்கை ஒன்றில்கூடக் கண்டதில்லை.

பதில் 4: தூரிகை

டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து சுருக்கமாக எழுதுகிறேன். இங்கே 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், பன்முகத்தன்மைக்கான அலுவலகங்களைப் பல்கலைக்கழகம் நடத்துவதைத் தடை செய்கிறது. மாணவர் சங்கங்களின் நிகழ்ச்சிகளுக்கு அதில் விலக்கு உண்டு. அலுவலகம் செய்துவந்த வேலை முழுவதும் மாணவர்களின் தோளில் விழுந்திருக்கிறது. உங்கள் மாநிலத்தின் விதிகளை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் அறை முன்பதிவு, அச்சுச் செலவு, நாற்காலி அடுக்குவது போன்ற வேலைகளை உங்கள் சங்கம் ஏற்றுக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்களிடம் விட்டுவிடுவது பேருதவியாக இருக்கும். பேச்சாளரை அழைத்தால் மதிப்பூதியம் கொடுங்கள். இம்மாதத்தில் கறுப்பினப் பேராசிரியர்களை எல்லோரும் இலவசமாகவே அழைக்கிறார்கள்.

மணிமிடறு (மறுமொழி)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்றுக் கறுப்பின மாணவர் சங்கத் தலைவியைச் சந்தித்து உங்கள் கருத்துகளை எடுத்துரைத்தேன். பதாகையைக் கைவிட்டோம். 1969ஆம் ஆண்டின் மாணவர் நாளிதழ்களை அவர்களில் இருவரும் எங்களில் இருவரும் சேர்ந்து படிப்பதென்றும், அச்சுச் செலவை எங்கள் சங்கம் ஏற்பதென்றும் முடிவாகியிருக்கிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய பலகையைக் கண்காட்சியின் கடைசியில், சிறிய அளவில் வைக்க அவர் ஒப்புக்கொண்டார். ஆரஞ்ச்பர்க்கைப் பற்றி அவருக்கு நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவருடைய பாட்டி அந்த ஊர்க்காரராம். ஏட்டறை ஐயா, விடுதி ஒதுக்கீட்டுக் கோப்புகளைப் பார்ப்பதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டுமா என்பதை மட்டும் தெரிவியுங்கள். திங்கட்கிழமை ஆவண அறைக்குச் செல்கிறோம்.