பெட்டியில் பத்து, மைக்குக்கு நான்கு: சிறு மேடைக்கு மிக்சர் வாங்கியவர்களின் அனுபவங்கள்

வயலின் கலைஞர், கும்பகோணம்:

நவராத்திரி ஆறாம் நாள், ஊருக்கு வெளியே ஓர் அம்மன் கோயிலில் எங்கள் கச்சேரி. பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், அவ்வளவுதான் குழு. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மைக் செட்டோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சிறிய மிக்சர் ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தேன். 15,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக முடிய வேண்டும் என்பதுதான் என் கணக்கு. பெட்டியின் மேல் 10 சேனல் என்று பெரிதாகப் போட்டிருந்தது. நான்கு பேருக்குப் பத்து தாராளம் என்று நினைத்துவிட்டேன்.

மேடையில் ஜமக்காளம் விரித்ததும் ஒயர்களைச் செருகத் தொடங்கினேன். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று. ஐந்தாவது ஒயரின் நுனியைக் கையில் பிடித்தபடி கட வித்வான் என்னைப் பார்க்கிறார். அதைச் செருக இடமில்லை. மீதமிருந்த ஆறும், இடது வலது என்று இரண்டிரண்டாகச் சேர்ந்த மூன்று ஸ்டீரியோ ஜோடிகள். கீபோர்டும் செல்போனும் இணைப்பதற்கானவை. மைக்கை அவற்றில் போட முடியாது. வேறு வழியில்லாமல் தொப்பியின் மைக்கைக் கழற்றிக் கடத்துக்குக் கொடுத்தேன். தனி ஆவர்த்தனத்தில் வலந்தலை மட்டும் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. தொப்பியில் எழும் ஆழ்ந்த நாதமான கும்கி மேடையைத் தாண்டவே இல்லை. முப்பது வருடமாக அவர் கையில் ஊறிய கும்கி அது. கச்சேரி முடிந்தபின் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாதம் கனப்பதற்காகத் தொப்பியில் ஒட்டியிருந்த ரவையைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் காட்சி இன்னும் என்னை உறுத்துகிறது.

மிக்சர் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் குழுவுக்கு எத்தனை மைக் வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். எங்களுக்குப் பாட்டு 1, வயலின் 1, மிருதங்கம் 2, கடம் 1, அறிவிப்பாளருக்கு 1, ஆக 6. மின்னணுத் தம்புராவை மட்டும் ஸ்டீரியோ ஜோடியில் இணைத்துக்கொள்ளலாம். பிறகு கடையில், மூன்று முனை மைக் சாக்கெட்டும் மைக் ஒலியைத் தேவைக்கு ஏற்றும் கெய்ன் திருகும் தனக்கென்று உள்ளவை எத்தனை என்று விரல்விட்டு எண்ணுங்கள். யமஹாவின் எம்ஜி வரிசையை எடுத்துக்கொண்டால், எம்ஜி06எக்ஸ் மாடலில் மைக் இன்புட் 2, எம்ஜி10எக்ஸ்யு மாடலில் 4, எம்ஜி12எக்ஸ்யு மாடலில் 6. பெயரில் இருக்கும் எண் ஸ்டீரியோ ஜோடிகளையும் சேர்த்துச் சொல்வது. பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் கணக்கிடுகின்றன. விவரக்குறிப்பில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அடுத்த மிக்சரை நான் இன்னும் வாங்கவில்லை. மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வில்லுப்பாட்டுக் குழு, நாங்குநேரி:

அண்ணாச்சி, மைக் எண்ணிக்கை சரியாக இருந்தும் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எங்களுக்கு வில், உடுக்கை, குடம், ஜால்ரா, பாட்டு, பின்பாட்டு என்று ஆறு மைக். ஆறும் கொள்ளும் மிக்சரைத்தான் வாங்கினோம். கோயில் கொடைத் திருவிழாவில் சுடலைமாடன் கதை என்றால் விடிய விடியப் பாட வேண்டும். குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் அறையும் ஓசைக்கு நடுவில் பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. அதற்காக முன்னால் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்து, மிக்சரில் எதிரொலி எஃபெக்டுக்கென்று இருக்கும் எஃப்எக்ஸ் அவுட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். வேறு அவுட் அதில் இல்லை.

பத்து மணிக்குக் கூட்டம் கூடியதும் மைக் ஊளையிட ஆரம்பித்தது. மிக்சரில் இருந்த தம்பி பாட்டின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைக் கொஞ்சம் இறக்கினான். ஊளை நின்றது. ஆனால் அதே நொடியில் மானிட்டரிலும் குரல் இறங்கிவிட்டது. எங்கள் அக்கா தன் குரல் கேட்காமல் சத்தத்தைக் கூட்டிப் பாடினார். மறுபடி ஊளை, மறுபடி ஃபேடர் இறக்கம். இரண்டு மணிக்கு அவர் தொண்டை கட்டிவிட்டது. மீதிக் கதையைப் பின்பாட்டுக்காரர்தான் பாடி முடித்தார். கொடைக்கு வந்த சனம் குறை சொல்லவில்லை. ஆனாலும் கதையைத் தொடங்கிய வாயால் முடிக்க முடியாத வருத்தம் அக்காவுக்கு மாசக்கணக்கில் இருந்தது.

அதன் பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. எஃப்எக்ஸ் அவுட்டுக்கு ஒலி ஃபேடரைத் தாண்டிய பிறகு போகிறது. மானிட்டருக்கு, ஃபேடருக்கு முன்னாலேயே பிரியும் ஆக்ஸ் என்ற தனி வெளியீடு வேண்டும்; ப்ரீ ஃபேடர் என்பார்கள். கடையில் சோதிக்கும் வழி எளிது. ஒரு மைக்கில் பேசுங்கள், அந்தச் சேனலின் ஃபேடரை முழுவதும் கீழே இறக்குங்கள். ஆக்ஸ் அவுட்டில் இணைத்த ஸ்பீக்கரில் குரல் அப்படியே இருந்தால் அது உங்களுக்கான மிக்சர். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மைக் செட் உரிமையாளர், திண்டுக்கல்:

இருவர் சொன்னதும் சத்தியம். நான் இரண்டு சேர்க்கிறேன்.

சிறிய மிக்சர் பலவற்றில் பவர் சப்ளை உள்ளே கிடையாது. அதற்கென்றே ஓர் அடாப்டர் வரும். அதன் செருகுமுனை வேறெதிலும் பொருந்தாது, வெளியே ஏசி மின்சாரமே தருகிற அடாப்டர்களும் உண்டு. செல்போன் கடையில் கிடைப்பதை மாட்ட முடியாது. அடாப்டரை மறந்துவிட்டு வந்து, கல்யாண மண்டப வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்த இசைக்குழுவை நான் பார்த்திருக்கிறேன். மிக்சர் வாங்கும் நாளிலேயே இரண்டாவது அடாப்டருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

அடுத்தது, திருகே இல்லாமல் டேப்லெட்டில் இயக்கும் டிஜிட்டல் மிக்சர். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மாடலில் 16 மைக் இன்புட்டும் ஆறு ஆக்ஸும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. நானும் இந்த வகையில் ஒன்று வைத்திருக்கிறேன், எது என்று சொல்லவில்லை. ஒரு வரவேற்பில் மண்டபம் நிறைந்ததும் என் டேப்லெட் மிக்சரின் வைஃபையிலிருந்து விலகிவிட்டது. ஒலி நிற்கவில்லை, ஆனால் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. மணமகனின் தாத்தா வாழ்த்திப் பேச எழுந்தார். மெல்லிய குரல். மைக் திறந்திருக்கிறது, என்னால் ஏற்றிவிட முடியவில்லை. முன்வரிசைக்கு மட்டும் கேட்க அவர் பேசி முடித்து உட்கார்ந்தார். நான்கு நிமிடம் ஓடியிருக்கும். என் தொழிலில் அவ்வளவு நீண்ட நான்கு நிமிடத்தை நான் அனுபவித்ததில்லை.

இப்போது மிக்சரின் வைஃபையை நம்புவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தனியாக, ஆள் உயரத்துக்கு மேலே கட்டுகிறேன். லேன் ஒயரில் ஒரு பழைய லேப்டாப்பும் எப்போதும் இணைந்தே இருக்கும். இதையெல்லாம் சுமக்க ஆள் இல்லாத நான்கு பேர் குழுவுக்குத் திருகு வைத்த மிக்சர்தான் நல்லது. ஊளை வந்தால் கை நேராக அங்கே போய்விடும்.

வீணைக் கலைஞர், மதுரை:

எங்கள் வாத்தியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வீணையின் அதிர்வை ஒலியாக எடுக்க அதில் ஒட்டும் பிக்கப்பை நேரடியாக ஸ்டீரியோ ஜோடியில் செருகினால் நாதம் மெலிந்து, தகரத் தட்டில் மீட்டியது போல வரும். ஹை-இசட் என்ற பொத்தான் உள்ள ஜாக்கில் செருக வேண்டும், அல்லது பிக்கப்பை மைக் இன்புட்டுக்குப் பொருத்தித் தரும் டிஐ பாக்ஸ் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். டிஐ வைத்தால் அதுவும் ஒரு மைக் இன்புட்டை எடுத்துக்கொள்ளும். உங்கள் தாளில் அதையும் எழுதுங்கள்.

சிலவகை மைக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தான் சிறிய மிக்சரில் பெரும்பாலும் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒன்றே. மெயின் ஃபேடரை இறக்கிவிட்டு அழுத்துங்கள். என் மாணவி ஒருத்தி இறக்காமல் அழுத்தியதில் ஸ்பீக்கரில் டப்பென்று வெடித்த சத்தத்துக்கு, முன்னால் தூளியில் தூங்கிய குழந்தை அலறி எழுந்தது.

எதிரொலி எஃபெக்டுக்காக 2,000, 3,000 ரூபாய் அதிகம் கொடுக்கிறவர்கள் எங்கே வாசிக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் மேடைகளில் பாதிக்கு மேல் கோயில் கல் மண்டபம். கல்லே போதும் போதும் என்னும் அளவுக்கு ஒலியைத் திருப்பிக் கொடுக்கிறது. அதற்கு மேல் மிக்சரும் கொடுத்தால் கமகம் எல்லாம் குழம்பிவிடும். அந்தப் பணத்தை இன்னும் இரண்டு மைக் இன்புட்டுக்குக் கொடுப்பேன்.

வயலின் கலைஞர், கும்பகோணம்:

அனைவருக்கும் நன்றி. மதுரை வீணை அக்கா சொன்னதைப் படித்ததும் என் பழைய மிக்சரை எடுத்துப் பார்த்தேன். மேல் பரப்பில் கால்வாசி இடம் எஃபெக்டுக்கே போயிருக்கிறது. எங்கள் கச்சேரிகளில் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

ஒன்று மட்டும் எல்லோரும் விட்டுவிட்டார்கள். பல மிக்சர்களில் மைக் சேனலில் 80 ஹெர்ட்ஸ் அல்லது அதை ஒட்டிய அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் லோ கட் பொத்தான் இருக்கும். பாட்டுக்கும் வயலினுக்கும் அதை அழுத்திவிடுங்கள்; மேடைப் பலகையின் அதிர்வும் மின்விசிறிக் காற்றும் அடங்கும். தொப்பியின் சேனலில் மட்டும் அழுத்தாதீர்கள்.

வியாழக்கிழமை திருச்சிக்குப் போகிறோம். ஆறு மைக் இன்புட், ஒரு ப்ரீ ஃபேடர் ஆக்ஸ், உபரியாக ஓர் அடாப்டர். பழையதைக் கொடுத்துவிட்டு மேலே 8,000 வரை போடலாம் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். மிருதங்க வித்வானை வாத்தியத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். ரவை பிசைந்து ஒட்டி, கடைக்காரர் முன்னால் வாசித்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று அவரே சொல்லிவிட்டார்.