கண்ணுக்கு ஒன்று, ஜாவாவுக்கு வேறு: சரங்களோடு பட்ட பாடு

(ஜாவா என்ற நிரல்மொழியைக் கற்ற மூவரின் குறிப்புகள் இவை.) ஜாவா கற்கத் தொடங்கிய மூன்றாவது வாரம், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சிறு நிரல் எழுதினேன். நிரலில் வைத்திருந்த சொல்லையும் விசைப்பலகையில் தட்டிய சொல்லையும், இரண்டும் ஒன்றா என்று கேட்கும் == குறி போட்டு ஒப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் "தவறு" என்றே வந்தது. இரண்டையும் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். கடைசியில் வெற்றிடம் ஏதும் ஒட்டியிருக்குமோ என்று நீளத்தையும் பார்த்தேன். அதுவும் சரி. இரண்டு சொற்களையும் நிரலுக்குள்ளேயே எழுதி ஒப்பிட்டால் மட்டும் "சரி" என்று வந்தது! அதுதான் என்னை முழுதாகக் குழப்பியது.

விளங்க இரண்டு நாள் ஆயிற்று. ஜாவாவில் சரம், அதாவது எழுத்துகளின் தொடர், ஒரு பொருள் (நினைவகத்தில் தனியாக இருக்கும் ஒன்று). இரு மாறிகளும் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று மட்டுமே == பார்க்கும்; உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பார்க்காது. மேற்கோள் குறிக்குள் ஒரே சரத்தைப் பத்து இடத்தில் எழுதினாலும் ஜாவா அதை ஒரே பொருளாகத்தான் வைத்துக்கொள்கிறது. தட்டச்சில் வந்ததோ தனிப் பொருள். ==-ஐ எடுத்துவிட்டு, எழுத்துகளையே ஒப்பிடும் 'ஈக்வல்ஸ்' என்று மாற்றியதும் நிரல் ஓடியது. முதல் பாடத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும். எண்களுக்கு == போட்டுப் பழகிய கை, சரத்துக்கும் அதையேதான் போடும்.

* * *

நான் இடறியது 'ட்ரிம்' என்ற சரக் கட்டளையில். பெயரின் இருபுறமும் இருந்த வெற்றிடத்தை நீக்க அதை அழைத்தேன். வெற்றிடம் அப்படியே நின்றது. உருவான சரம் மாறாது. ட்ரிம் திருப்பித் தருவது புதிய சரம். அதை நான் எந்த மாறியிலும் வாங்கிக்கொள்ளவில்லை.

* * *

முதலில் எழுதியவர் கவனத்துக்கு: எனக்கு ஈக்வல்ஸ் போட்டும் பொருந்தவில்லை. இரு கோப்புகளிலிருந்து படித்த "கொடி" என்ற சொல்தான். ஒன்றில் ஒகரக் குறி ஒரே யூனிகோட் (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறை) குறியாக இருந்தது. மற்றதில் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாக இருந்தது. திரையில் துளி வேறுபாடும் தெரியாது. நீளத்தைக் கேட்டபோதுதான் பிடிபட்டது: ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5. ("தமிழ்" என்ற சொல்லுக்கும் நீளம் 5தான், இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன.) ஜாவாவோடு வரும் 'நார்மலைசர்' கொண்டு இரண்டையும், பிரிந்திருக்கும் இத்தகைய குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஈக்வல்ஸ் "சரி" என்றது. தமிழ்ச் சரங்களைக் கையாளும் எல்லா நிரலிலும் இப்போது ஒப்பிடுவதற்கு முன் அதைச் செய்துவிடுகிறேன்.