என் சருமம் எந்த வகை? கண்டறிய உதவுங்கள்

வணக்கம். நேற்று மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, எதுவும் பூசாமல் 1 மணி நேரம் காத்திருந்தேன். நெற்றியும் மூக்கும் பளபளத்தன. டிஷ்யூ தாளை ஒற்றியபோது அங்கே மட்டும் எண்ணெய்க் கறை தெளிவாகப் படிந்தது. கன்னங்களிலோ கறையே இல்லை, சிரித்தால் தோல் இழுக்கிறது.

இது கலப்புச் சருமமா, அல்லது எண்ணெய்ச் சருமம்தான் நீர்ச்சத்து குறைந்து இப்படிக் காட்டுகிறதா? எண்ணெய் வழியும் முகத்திலும் நீர்ச்சத்து குறையலாம் என்பதால்தான் இத்தனை குழப்பம். ஒரு மாதமாக முகப்பருவுக்குச் சாலிசிலிக் அமிலம் பூசி வருகிறேன். அதுவே கன்னங்களை உலர்த்தியிருக்குமோ?

அதை நிறுத்தி எத்தனை நாள் கழித்து மீண்டும் சோதிக்கலாம்? நெற்றிக்கும் கன்னத்துக்கும் தனித்தனி மாய்ஸ்சரைசர் பூசிப் பயனடைந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.